நாற்காலி மாறலாம், வெள்ளி எட்டு மணி மாறக்கூடாது

பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியிலோ, பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் ஓர் அறையிலோ இயங்கும் தமிழ்க் காணொளி நிறுவனத்தில் தலைமைச் செயல்முறை அதிகாரி மாறுகிறார் என்றால், வெளியே யாருக்கும் அது செய்தியே இல்லை. செந்தூலில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்த நாற்காலியில் யார் இருந்தார் என்பதே தெரியாது. அவருக்குத் தெரிந்தவை மூன்று: வெள்ளி இரவு எட்டு மணிக்கு நிகழ்ச்சி வரும், வழக்கமான முகம் பேசும், கீழே கேள்வி எழுதினால் பதில் கிடைக்கும்.

சிக்கல் என்னவென்றால், சிறிய நிறுவனங்களில் இந்த மூன்றும் பெரும்பாலும் வெளியேறப் போகிறவரின் கைப்பேசிக்குள்தான் இருக்கின்றன. சேனலைத் திறந்தது அவருடைய சொந்த ஜிமெயில். கடவுச்சொல் மாற்றினால் ஓடிபி போவது அவருடைய எண்ணுக்கு. இணையதளத்தின் ஆண்டுக் கட்டணம் கழிவது அவருடைய கடன் அட்டையில். இரவு பதினோரு மணிக்குக் கருத்துகளுக்குப் பதில் போடுவதும் அவர்தான். எனவே ஒப்படைக்க வேண்டியவை இரண்டு: சாவிகள், பழக்கம். சாவிகளை அறிவிப்புக்கு முன்பே மாற்ற வேண்டும். பழக்கத்தை அறிவிப்புக்குப் பின் தொண்ணூறு நாள் தொடாமல் காக்க வேண்டும். ஐந்து முதல் இருபது பேர் வரை வேலை செய்யும் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனத்தை மனத்தில் வைத்தே இங்கே எழுதியிருக்கிறோம்.

பெரிய இடங்களில் எப்படி நடந்தது என்று ஒரு பார்வை பார்த்துவிடலாம். 2023 பிப்ரவரியில் யூடியூப் தலைமையிலிருந்து சூசன் வோஜ்சிக்கி விலகியபோது பொறுப்பேற்ற நீல் மோகன், அதற்கு முன் பல ஆண்டுகள் அங்கேயே தயாரிப்புப் பிரிவின் தலைவராக இருந்தவர். 2017-இல் விமியோ காணொளித் தளத்தின் தலைமைக்கு வந்த அஞ்சலி சூட், 2014-இலேயே அங்கு சேர்ந்தவர். நம் கோலாலம்பூரில் பிறந்த காணொளிச் சேவையான ஐஃப்ளிக்ஸை 2020-இல் சீனாவின் டென்சென்ட் வாங்கிய பிறகும் அந்தப் பெயர் திரையில் தொடர்ந்தது. உள்ளே இருந்த ஆள், அதே பெயர்ப்பலகை. வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவருவதில் தவறு இல்லை. ஆனால் அவர் முதல் நாளே பெயரையும் சின்னத்தையும் மாற்றத் துடித்தால், பார்வையாளர் கண்ணுக்குக் கடை கைமாறிய மாதிரிதான் தெரியும்.

சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வையுங்கள்

அறிவிப்புக்கு ஆறு வாரம் முன்பே, வெளியேறுபவரும் வருபவரும் ஒரு மதியம் சேர்ந்து உட்கார வேண்டும். ஒரு தாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: கணக்கின் பெயர், எந்த மின்னஞ்சல், எந்தக் கைப்பேசி எண், எந்த அட்டை. யூடியூப், முகநூல், டிக்டாக், டொமைன் (இணைய முகவரிப் பெயர்), சர்வர், கூகுள் அனலிட்டிக்ஸ் (வருகையை அளக்கும் கருவி), மின்னஞ்சல் மடல் சேவை, புலனம் (வாட்ஸ்அப்) சேனல், எடிட்டிங் மென்பொருள் சந்தா என்று எழுதிக்கொண்டே போனால் இருபது வரியைத் தாண்டும். சொந்த மின்னஞ்சலோ சொந்த எண்ணோ சொந்த அட்டையோ உள்ள வரிகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். அந்த வட்டங்கள்தான் அடுத்த ஆறு வாரத்தின் வேலை.

யூடியூப்பை முதலில் எடுங்கள், ஏனென்றால் அதில் காத்திருக்கும் நாட்கள் உண்டு. சேனல் தனிநபர் கூகுள் கணக்கில் இருக்கிறதா, பிராண்ட் கணக்கில் (பலர் சேர்ந்து நிர்வகிக்கக்கூடிய கணக்கு) இருக்கிறதா என்று பாருங்கள். தனிநபர் கணக்கில் இருந்தால் உரிமையை அப்படியே இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. முதலில் சேனலை ஒரு பிராண்ட் கணக்குக்கு நகர்த்த வேண்டும். யூடியூப் அமைப்புகளில் மேம்பட்ட அமைப்புகள் பகுதியில் அந்த வசதி இருக்கிறது. இங்கேதான் ஓர் ஆபத்து. எந்தப் பிராண்ட் கணக்குக்கு நகர்த்துகிறீர்களோ, அதில் ஏற்கெனவே ஒரு சேனல் இருந்தால் அந்தச் சேனல் அழிந்துபோகும். சோதனைக்காக என்றோ திறந்த வெற்றுச் சேனல் என்றால் பரவாயில்லை. நிறுவனத்தின் இரண்டாவது சேனலாக இருந்தால்? ஆகவே புதிதாக, காலியாக ஒரு பிராண்ட் கணக்கைத் திறந்து அதற்கு நகர்த்துங்கள்.

பிறகு, நிறுவன டொமைனில் உள்ள ஒரு மின்னஞ்சலை அந்தப் பிராண்ட் கணக்கின் உரிமையாளராகச் சேருங்கள். சேர்த்த உடனே அவரை முதன்மை உரிமையாளராக்க முடியாது. ஏழு நாள் கழிய வேண்டும். இது தெரியாமல் கடைசி நாள் மாலை உட்கார்ந்தவர்கள், விமானம் ஏறிவிட்டவரிடம் ஒரு வாரம் கழித்துக் கெஞ்ச வேண்டியிருக்கும். அன்றாட வேலை செய்பவர்களுக்கு உரிமையாளர் அதிகாரம் தேவையே இல்லை. யூடியூப் ஸ்டூடியோவில் அனுமதிகள் பகுதிக்குப் போய், பதிவேற்றுபவருக்கு எடிட்டர், எண்களை மட்டும் பார்ப்பவருக்கு வருமானம் தெரியாத பார்வையாளர், பொறுப்பாளருக்கு மேலாளர் என்று பிரித்துக் கொடுங்கள். ஒரே கடவுச்சொல்லை எட்டுப் பேர் பகிர்ந்துகொள்ளும் பழக்கத்துக்கும் இதுவே முடிவு கட்டும் நேரம்.

நேரலை செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்ட்ரீம் கீ என்பது சேனலின் பின்வாசல் சாவி. அதைத் தெரிந்தவர் எந்த இடத்திலிருந்தும் உங்கள் சேனலில் ஒளிபரப்பலாம். ஒப்படைப்பின்போது அதை ரீசெட் செய்யுங்கள். செய்த கையோடு எல்லா என்கோடரிலும் (நேரலை அனுப்பும் கருவி) மடிக்கணினியிலும் புதிய கீயைப் போட்டு ஐந்து நிமிடம் தனிப்பட்ட நேரலை ஓட்டிப் பாருங்கள். இதை மறந்தால் தெரியவருவது தைப்பூச இரவில்தான். ஜாலான் துன் எச்.எஸ். லீ கோயிலிலிருந்து இரதம் புறப்பட்டுவிட்டிருக்கும், உங்கள் திரை கறுப்பாக இருக்கும்.

அடுத்தது ஆட்சென்ஸ், அதாவது விளம்பர வருமானம் வந்து சேரும் கூகுள் கணக்கு. நிறுவனர் தனிநபர் கணக்காகத் திறந்திருந்தால் அதை நிறுவனக் கணக்காக மாற்ற வழி இல்லை. நிறுவனத்தின் பெயரில் புதிதாக ஒன்றைத் திறந்து, சேனலை அதனுடன் இணைக்க வேண்டும். இணைப்பை 32 நாளுக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும். தவறான கணக்கோடு இணைத்துவிட்டால் ஒரு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பணம் 100 அமெரிக்க டாலரைத் தாண்டிய பிறகே வரும். முகவரியை உறுதிப்படுத்தும் பின் (PIN) எண் சாதாரணத் தபாலில் வரும், இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். கடைவீட்டு இரண்டாம் மாடிக்குத் தனித் தபால்பெட்டி இல்லாத கட்டடங்களில் அந்தச் சிறு உறை கீழ்த்தளத்து உணவகத்தின் மின்கட்டண ரசீதுகளோடு போய்விடும். முகவரியில் மாடி எண்ணைத் தெளிவாக எழுதுங்கள், இல்லையென்றால் கம்பெனி செகரட்டரியின் (நிறுவனச் செயலாளர்) அலுவலக முகவரியைக் கொடுங்கள்.

வரிப் படிவத்தையும் புதிதாகவே நிரப்ப வேண்டும். தனிநபருக்கு டபிள்யூ-8பென் என்றால் நிறுவனத்துக்கு டபிள்யூ-8பென்-இ. அமெரிக்காவிலிருந்து பார்ப்பவர்களால் வரும் வருமானத்தில் மட்டும் 30 விழுக்காடு பிடிப்பார்கள்; மலேசியாவுக்கு அமெரிக்காவோடு அதைக் குறைக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லை. தனிநபர் கணக்கில் படிவத்தையே நிரப்பாமல் விட்டால் பிடித்தம் உலகம் முழுவதிலிருந்தும் வந்த வருமானத்தின் மேல் போகலாம். இணைப்பு மாறுகிற மாதத்தின் பணம் யாருக்கு என்பதை முன்கூட்டியே ஒரு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நட்பாகப் பிரிகிறவர்களும் முறைத்துக்கொள்கிற இடம் இதுதான்.

டொமைன் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை போதும். டாட் காம் டொமைனின் உரிமையாளர் பெயரை மாற்றினால், வேறு பதிவு நிறுவனத்துக்கு நகர்த்துவதற்கு 60 நாள் பூட்டு விழக்கூடும். ஆகவே பெயரை மட்டும் இப்போது மாற்றுங்கள், இடமாற்றத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அட்டையை மாற்ற மறக்காதீர்கள். பழையவர் அட்டையை ரத்துசெய்த மாதத்தில் தானியங்கிப் புதுப்பிப்பு தோற்கும். நினைவூட்டல் மின்னஞ்சலும் அவருடைய பெட்டிக்கே போகும்.

புலனம் சேனலோ குழுவோ நிறுவனர் பெயரில் பதிவான எண்ணில் இருந்தால், அந்த எண்ணையே நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிக்கொள்வது நல்லது. தொலைபேசி நிறுவனத்தின் சேவை மையத்துக்கு இருவரும் மைகார்டோடு (அடையாள அட்டை) சேர்ந்து போனால் வேலை சுலபம். புது எண்ணுக்கு மாறி மூவாயிரம் பேரை மறுபடி சேர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அத்தனை பேரும் திரும்ப வருவதில்லை.

ஏட்டில் ஏற வேண்டியவை

தலைமைச் செயல்முறை அதிகாரி வேறு, நிறுவன இயக்குநர் வேறு. ஒருவரே இரண்டுமாக இருந்தால் இரண்டு பதவியையும் தனித்தனியாக விடுவிக்க வேண்டும். 2016 நிறுவனங்கள் சட்டப்படி, செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்தில் மலேசியாவைத் தம் முதன்மை வசிப்பிடமாகக் கொண்ட இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும். ஒரே இயக்குநர்தான் என்றால், மாற்று ஆள் நியமிக்கப்படாமல் அவர் விலக முடியாது. புதியவர் நியமனத்துக்கு முன் 201-ஆம் பிரிவின்கீழ் சம்மதமும் உறுதிமொழியும் தர வேண்டும். மாற்றம் நடந்த 14 நாளுக்குள் 58-ஆம் பிரிவின்கீழ் எஸ்எஸ்எம்முக்கு (நிறுவனப் பதிவு ஆணையம்) அறிவிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் இயக்குநர்கள் மட்டுமல்ல, மேலாளரும் செயலாளரும் அடக்கம். ஆகவே புதியவர் இயக்குநர் குழுவில் இல்லாவிட்டாலும் கம்பெனி செகரட்டரிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

வங்கியில் கையெழுத்து மாற்ற இயக்குநர் குழுத் தீர்மானம் கேட்பார்கள். இதைச் சம்பள வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய கையெழுத்து நின்று புதியது இன்னும் ஏறாத இடைவெளியில் ஊழியர்களின் ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) பங்கைக் கட்ட முடியாமல் திண்டாட நேரிடும்.

ஒப்பந்தத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. “விலகிய பின் இரண்டு ஆண்டுக்குப் போட்டிச் சேனல் தொடங்கக் கூடாது” என்று எழுதி வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் உடன்படிக்கையைச் செல்லாததாக்குகிறது. வணிகத்தின் நற்பெயரை விற்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே அதற்கு உண்டு. வேலையைவிட்டுப் போனவர் அடுத்த மாதமே புதுச் சேனல் தொடங்கினால் அந்த ஒற்றை வரி பெரிதாகக் கைகொடுக்காது. இரகசியம் காக்கும் விதியும், சந்தாதாரர் பட்டியலை எடுத்துச் செல்லக்கூடாது என்ற விதியும்தான் உதவும். பட்டியல் வெளியே போனால் அது உங்கள் தலைவலியும்கூட. திருத்தப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

பதிப்புரிமையையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். ஊழியர் வேலையின் பகுதியாக எடுத்த காணொளி, வேறு உடன்பாடு இல்லாதவரை நிறுவனத்துடையது. 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நிறுவனர் நிறுவனத்தைப் பதிவதற்கு முன்பே சொந்தமாக எடுத்துப் போட்ட முதல் நாற்பது காணொளிகள்? அவை அவருடையவை. உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். அந்த நாற்பதில்தான் பெரும்பாலும் அதிகம் பார்க்கப்பட்ட இரண்டு இருக்கும்.

எந்த மாதம், யாரிடம் முதலில்

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதமும், தைப்பூசத்தை ஒட்டிய மூன்று வாரமும் வேண்டாம். விளம்பரதாரர் பேச்சுவார்த்தையும் நேரலை ஏற்பாடும் ஒரே நேரத்தில் நடக்கும் காலம் அது. தைப்பூசம் முடிந்து பள்ளிப் பிள்ளைகளின் அன்றாடம் ஒரு நிலைக்கு வந்த பிறகான மார்ச், ஏப்ரல் மாதங்கள் நல்லது.

சொல்லும் வரிசை முக்கியம். முதலில் திரையில் தோன்றும் தொகுப்பாளர். அவர் வெளியிலிருந்து கேள்விப்பட்டால், அடுத்த வாரம் அவரும் கிளம்பிவிடுவார். அதே நாளில் மற்ற ஊழியர்கள். மறுநாள் பெரிய விளம்பரதாரர்கள், தொலைபேசியில். மின்னஞ்சல் அதற்குப் பிறகு. பார்வையாளருக்குக் கடைசியில், அதுவும் சுருக்கமாக:

“வணக்கம். இந்த மாதம் முதல் நம் நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பை இன்னார் ஏற்கிறார். நான்கு ஆண்டாக இங்கே தயாரிப்பைக் கவனித்து வந்தவர். வெள்ளி இரவு 8 மணி நிகழ்ச்சியும் ஞாயிறு காலைச் சமையலும் எப்போதும்போல் வரும். அடுத்து என்ன பார்க்க ஆசை என்று கீழே எழுதுங்கள். அடுத்த வெள்ளிக்குள் பதில் சொல்கிறோம்.”

இவ்வளவுதான். “புதிய உதயம்”, “அடுத்த பரிமாணம்” என்றெல்லாம் எழுதினால், ஏதோ பிடித்தமான ஒன்றை எடுத்துவிடப் போகிறார்கள் என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். கடைசி வரியில் கொடுத்த வாக்கை மட்டும் தவறவிடாதீர்கள்.

நிறுவனரே தொகுப்பாளராகவும் இருந்தால் கதை வேறு. அவர் திடீரென்று மறைந்தால் ஊகம் முளைக்கும், புலனத்தில் ஓடும். ஆறு முதல் எட்டு வாரம் இருவரும் சேர்ந்து தோன்றட்டும். முதல் இரண்டு வாரம் புதியவர் விருந்தாளி, அடுத்த மூன்று வாரம் பாதிப் பாதி, பிறகு பழையவர் விருந்தாளி. விடைபெறும் காணொளி ஒன்று தனியாக வேண்டும். கண்ணீர் வேண்டுமென்பதில்லை.

மாற்றத்துக்கு முன் எண்களைப் பிடித்து வையுங்கள்

தலைமை மாறிய பின் ஏதாவது குறைந்தால் எல்லாரும் புதியவரைக் கைகாட்டுவார்கள். அது உண்மையா என்று சொல்ல, மாற்றத்துக்கு முந்தைய பன்னிரண்டு வார எண்கள் வேண்டும். கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் விரிவான ஆய்வுகளுக்கான தரவு, நீங்கள் எதையும் தொடாமல் விட்டால் இரண்டு மாதம்தான் தங்கும். நிர்வாகப் பகுதியில் தரவுத் தக்கவைப்பை 14 மாதமாக இன்றே மாற்றுங்கள். இணையதளத்தில் யூடியூப் காணொளியைப் பொதித்திருந்தால் அதன் இணைப்பில் ஜேஎஸ் ஏபிஐ (காணொளிப் பெட்டி உங்கள் தளத்தோடு பேச உதவும் வசதி) இயக்கப்பட்டிருக்க வேண்டும்; அப்போதுதான் காணொளி தொடங்கியது, 10, 25, 50, 75 விழுக்காடு ஓடியது, முடிந்தது என்ற பதிவுகள் தானாக வரும்.

எல்லா எண்ணையும் பார்க்க வேண்டாம். நான்கு போதும்: முதல் 30 விநாடி தாண்டியவர்களின் விழுக்காடு, சராசரிப் பார்வை நேரம், திரும்பி வரும் பார்வையாளர்கள், கேள்வியாக வந்த கருத்துகளில் பதில் பெற்றவை. கடைசியைக் கையால்தான் எண்ண வேண்டும், எண்ணுங்கள். சந்தாதாரர் எண்ணிக்கையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது மெதுவாக நகரும், பழக்கம் முறிந்து ஒரு மாதம் கழித்தே காட்டிக்கொடுக்கும்.

நேரக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. யூடியூப் அனலிட்டிக்ஸின் நாள் அமெரிக்கப் பசிபிக் நேரப்படி தொடங்குகிறது. நம் ஊரில் அது மாலை 4 மணி. அங்கே கோடைக்கால நேரம் நடக்கும்போது 3 மணி. வெள்ளி இரவு 8 மணிக்கு வெளியான நிகழ்ச்சியைச் சனி மதியம் பார்த்தவரும் யூடியூப் கணக்கில் வெள்ளிதான். உங்கள் இணையதள அனலிட்டிக்ஸ் கோலாலம்பூர் நேரத்தில் இருந்தால் அவர் சனி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு “வெள்ளிக்கிழமை இணையதளத்தில் கூட்டம் பாதியாகிவிட்டது” என்று பதறிய கூட்டங்கள் உண்டு. நாள்வாரியாக ஒப்பிடாமல் வாரவாரியாக ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

இணையதளத்தில் ஆளை நிற்க வைப்பது

சேனல் இருக்கும்போது இணையதளம் எதற்கு என்று புதியவர் கேட்பார். சேனலின் வீட்டுக்காரர் யூடியூப். இணையதளம் உங்கள் சொந்த மனை. மின்னஞ்சல் பட்டியல் சேருவதும், விளம்பரதாரருக்கு நீங்களே விலை சொல்வதும் அங்கேதான்.

முதல் வேலை, பக்கம் விரைந்து திறப்பது. ஒரே பக்கத்தில் ஆறு யூடியூப் பெட்டிகளைப் பொதித்தால் ஒவ்வொன்றும் தனக்கான நிரலை இறக்கும், மலிவான கைப்பேசி மூச்சுத் திணறும். அதற்குப் பதில் முதலில் படத்தை மட்டும் காட்டி, விரல் பட்டவுடன் காணொளிப் பெட்டியை ஏற்றுங்கள். கூகுளின் அளவுகோலில் பக்கத்தின் பெரிய உறுப்பு 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் அசைவு வேண்டும். அலுவலக வைஃபையில் சோதிக்காதீர்கள். ஓர் ஆள் எல்ஆர்டி ரயிலில் மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து அம்பாங் பார்க்வரை போய்த் திறந்து பார்க்கட்டும். சுரங்கத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரியும்.

காணொளியைச் சொந்த சர்வரில் வைத்திருப்பவர்கள் குறைந்தது மூன்று தரத்தில் ஏற்றுங்கள்: 360பி-க்கு விநாடிக்கு 0.7 மெகாபிட், 480பி-க்கு 1.2, 720பி-க்கு 2.5 என்ற அளவில். பத்து நிமிடக் காணொளி 720பி-யில் ஏறத்தாழ 188 மெகாபைட் தின்னும், 360பி-யில் 53-க்குள் அடங்கும். பிரீபெய்ட் எண்ணில் பார்க்கும் பாட்டிக்கு இந்த வித்தியாசம் காசு. ஆறு விநாடித் துண்டுகள், இரண்டு விநாடிக்கு ஒரு கீ ஃபிரேம் (முழுப் படமாகச் சேமிக்கப்படும் சட்டகம்) என்று வைத்தால் தரம் மாறும்போது தடங்கல் தெரியாது.

சத்தத்தோடு தானாக ஓடும் காணொளி வேண்டாம். குரோம் 2018-இலிருந்தே அதைத் தடுக்கிறது, தடுக்காவிட்டாலும் அலுவலக நேரத்தில் அலறிய பக்கத்தை யாரும் மறுபடி திறக்க மாட்டார்கள். ஓசையின்றி ஓடவிட்டுத் தமிழ் வசனவரிகளைக் காட்டுங்கள்.

எழுத்தில் இரண்டு கோளாறு திரும்பத் திரும்ப வரும். ஆங்கில வார்ப்புருவில் தமிழைக் கொட்டினால் வரி இடைவெளி போதாமல் மேல்வரியின் உகரக் குறியும் கீழ்வரியின் இகரக் குறியும் முட்டிக்கொள்ளும், எழுத்தளவின் 1.6 மடங்கு இடைவெளி கொடுங்கள். “நிகழ்ச்சித்தயாரிப்பாளர்களுக்கான” போன்ற நீளச் சொல் சிறு திரையில் வெளியே துருத்தும். சொல் உடைய அனுமதியுங்கள், தலைப்பில் மட்டும் நீளச் சொல்லையே தவிர்த்துவிடுங்கள். இன்னொன்று, பழைய கட்டுரைகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தால் தேடுபொறிக்கு அவை வெறும் கிறுக்கல். மாற்றும் கருவிகள் இருக்கின்றன. புதுக் கட்டுரை எழுதுவதைவிட முந்நூறு பழைய பக்கங்களை மாற்றுவது சில சமயம் அதிக ஆளைக் கொண்டுவரும்.

தேடுகிறவர்களில் பலர் தமிழை ரோமன் எழுத்தில் தட்டுகிறார்கள். தலைப்பு தமிழில் இருக்கட்டும், விவரக் குறிப்பின் முதல் இரண்டு வரிக்குள் அவர்கள் தட்டும் வடிவமும் ஒருமுறை வரட்டும். ஒரே சொல்லைப் பத்து எழுத்துக்கூட்டலில் அடுக்காதீர்கள்.

நேரம் பற்றித் தலைப்பிலேயே சொல்லிவிட்டோம். இங்கே இரவு 8 என்றால் சென்னையில் மாலை 5:30, சிங்கப்பூரில் அதே 8. சென்னைப் பார்வையாளர் அதிகம் என்று எண்கள் காட்டியதும் நிகழ்ச்சியைப் பத்து மணிக்குத் தள்ளப் புதியவருக்கு ஆசை வரும். உள்ளூர் விளம்பரதாரர் காசு கொடுப்பது கிள்ளானிலும் பட்டர்வொர்த்திலும் பார்ப்பவருக்காக. தள்ளாதீர்கள்.

பதில் சொல்லும் குரல்

பழையவர் போன பின் முதலில் காணாமல் போவது கருத்துப் பகுதியின் குரல்தான். ஒருவர் கேட்கிறார்: “அண்ணே, போன வாரம் சொன்ன ரவா தோசைக்கு மோர் எவ்வளவு?”

புது நிர்வாகம் வந்ததும் இப்படிப் பதில் போகும்: “வணக்கம். தங்களின் மேலான கருத்துக்கு நன்றி. தொடர்ந்து ஆதரவு தாரீர்.”

போக வேண்டிய பதில்: “அக்கா, அரை கப் ரவை, அரை கப் அரிசி மாவு, கால் கப் மைதா, இதுக்கு அரை கப் மோர், ரெண்டு கப் தண்ணி. மாவு மோர் மாதிரி நீர்க்க இருக்கணும். 4:20-ல காட்டியிருக்கோம், பாருங்க.”

இந்தக் குரலை ஒரு பக்கத்தில் எழுதி வைக்க வெளியேறுபவரைக் கேளுங்கள். பெரியவரை எப்படி விளிப்பது, திட்டி எழுதுபவருக்கு என்ன சொல்வது, எதற்குப் பதிலே சொல்லக்கூடாது, எத்தனை மலாய்ச் சொல் கலக்கலாம் என்பதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதிய பழைய பதில்களில் ஐம்பதை நகலெடுத்து இணையுங்கள். காணொளி வெளியான முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒருவரைக் கருத்துப் பகுதிக்கென்றே உட்கார வையுங்கள். அந்த மணி நேரத்தில் அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். தொண்ணூறு நாளில் தலைமைக்கு வந்தவரும் வாரத்துக்கு ஒருநாள் அந்த இருக்கையில் உட்கார வேண்டும். ஆய்வறிக்கை சொல்லாததை அது சொல்லும்.

புலனத்தில் நிகழ்ச்சிக்குக் கால் மணி நேரம் முன்பு ஒரு செய்தி, அவ்வளவுதான். காலை வணக்கப் படங்கள் அனுப்பத் தொடங்கினால் சத்தத்தை அணைத்துவிடுவார்கள், பிறகு எட்டு மணிச் செய்தியும் காதில் விழாது.

புதியவர் கை அரிக்கும் இடங்கள்

சேனலின் பெயரை மாற்றுவது முதல் அரிப்பு. சரிபார்க்கப்பட்ட குறி இருந்தால் பெயர் மாறியதும் போய்விடும், மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அடுத்தது பன்னிரண்டு விநாடி முகப்பு அசைவுப்படம். முதல் 30 விநாடியில் ஆள் கழன்றுபோகும் இடத்தை ஸ்டூடியோவின் வரைபடக் கோட்டில் பாருங்கள். நீளமான முகப்பு உள்ள காணொளிகளில் சரிவு அந்த முகப்பிலேயே தொடங்கியிருக்கும். மூன்று விநாடி போதும், அதையும் முதல் வாக்கியத்துக்குப் பிறகு வையுங்கள்.

இணையதளத்தைப் புதுப்பிப்பது மூன்றாவது, மூன்றிலும் விலை கூடியது. பக்க முகவரிகள் மாறி, பழைய முகவரியிலிருந்து நிரந்தரத் திருப்பம் போடாமல் விட்டால் தேடலில் வந்துகொண்டிருந்த கூட்டம் பிழைப் பக்கத்தில் முட்டித் திரும்பும். தவிர்க்க முடியாதென்றால், அதிகம் பார்க்கப்பட்ட இருநூறு பக்கங்களின் பழைய, புதிய முகவரிகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், திருப்பத்தை ஓராண்டுக்காவது எடுக்காதீர்கள். ஆனால் இந்தத் தொண்ணூறு நாளுக்குள் வேண்டாம். தலைமையும் தளமும் ஒரே மாதத்தில் மாறினால், குறைந்தது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

பழையவரின் காணொளிகளை அழிப்பதைப் பற்றிச் சில நிறுவனங்களில் பேச்சு எழும். மனக்கசப்பில் செய்யும் வேலை அது. பெரும்பாலும் இன்றும் ஆளைக் கொண்டுவருவது அந்தக் காணொளிகள்தான்.

தொண்ணூறாம் நாள்

பொறுப்பு மாறிய நாளில் பழையவரை உரிமையாளரிலிருந்து மேலாளராக இறக்கியிருப்பீர்கள். தொண்ணூறாம் நாள் அதையும் எடுங்கள், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. முதல் நாள் போட்ட தாளை எடுத்து ஒவ்வொரு வரியாக உள்நுழைந்து பார்த்து டிக் போடுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பின் மாற்றுக் குறியீடுகளைப் புதிதாக உருவாக்கி அச்சிட்டு, ஓர் உறை கம்பெனி செகரட்டரியிடம், ஓர் உறை அலுவலகப் பெட்டகத்தில். நான்கு எண்களையும் மாற்றத்துக்கு முந்தைய பன்னிரண்டு வாரத்தோடு ஒப்பிடுங்கள். திரும்பி வரும் பார்வையாளர் எண்ணிக்கை முன்பிருந்த அளவில் நின்றால், புதியவர் ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கலாம். குறைந்திருந்தால் முதலில் கருத்துப் பகுதியைத் திறந்து, பதில் கிடைக்காமல் நிற்கும் கேள்விகளை எண்ணுங்கள்.